கொழுப்பும் நோயும்: வேலூரில் நடந்த ஓர் ஆராய்ச்சி
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்வியின் பெருமையைப் பற்றி எனக்கு முன் பேசிய நண்பர்கள் செவ்வனே எடுத்துரைத்துவிட்டார்கள். நான் வேதியியல் கற்பித்துக் காலம் கழித்தவன். ஆகவே ஒரு பொருளைப் பற்றியும், அந்தப் பொருளை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட ஒரு மனிதரைப் பற்றியும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பொருள், கொழுப்பு. மனிதர், பேராசிரியர் பிமல் குமார் பச்சாவத்.

கொழுப்பு என்றதும் பின்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். காரணம் எனக்குத் தெரியும். நம் தந்தையர் கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டபோதும், நம் பிள்ளைகள் செருப்பணிந்து ஊர்த்தெருவில் நடந்தபோதும் நம்மை நோக்கி வீசப்பட்ட சொல் அது. 'இவனுக்குக் கொழுப்பு ஏறிவிட்டது' என்றார்கள். ஆண்டு முழுதும் கூழும் கஞ்சியும் குடித்து, விலா எலும்பு தெரிய நின்றவரைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார்கள். அது கிடக்கட்டும். அறிவியலில் அச்சொல்லுக்கு உள்ள பொருளைப் பார்ப்போம்.

நீரில் கரையாமல், ஈதர், குளோரோஃபார்ம் போன்ற திரவங்களில் கரைகின்ற உயிர்ப்பொருள்களை லிப்பிடு என்று அழைக்கிறோம். நம் பக்கத்து மல்லாட்டையை ஆட்டி எடுக்கும் எண்ணெய் ஒரு லிப்பிடு. (நாடெங்கும் பயிரான டி.எம்.வி. என்னும் நிலக்கடலை இரகங்கள் திண்டிவனத்தின் பெயரைச் சுமப்பவை என்பதை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். அந்த மூன்று எழுத்துகள் இவ்வூரின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தைக் குறிப்பவை.) முட்டையின் மஞ்சட்கருவில் உள்ள லெசித்தின் ஒரு லிப்பிடு. கொலஸ்டிரால் ஒரு லிப்பிடு. நீர் நீங்கிய மூளையின் எடையில் ஏறத்தாழப் பாதி லிப்பிடுதான். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு இரண்டடுக்கு லிப்பிடுகளால் ஆனது. நோய்க்கிருமிகளுக்கும் லிப்பிடு உண்டு. காசநோய்க் கிருமியின் மேலுறை மெழுகு போன்றது. சளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றிய பின் அமிலம் ஊற்றினாலும் அக்கிருமி ஏற்ற சாயத்தை விடாது. நுண்ணோக்கியில் சிவந்த கோல்போல அதைக் காட்டிக் கொடுப்பது அந்த மெழுகுதான். ஆக, உடல் நலமாயிருப்பதிலும் லிப்பிடு இருக்கிறது; தொற்றுநோயிலும் அது இருக்கிறது. இவ்விரண்டு பக்கங்களையும் ஒரே வாழ்க்கையில் தொட்டவர் பச்சாவத். அவருடைய உழைப்பின் சிறந்த ஆண்டுகள் நமக்கு மிக அருகில், வேலூரில் கழிந்தன.

விழுப்புரம் சந்திப்பில் காட்பாடி வண்டியில் ஏறினால் திருக்கோவிலூர், திருவண்ணாமலை, போளூர் கடந்து வேலூர் கன்டோன்மென்ட் வந்துவிடும். நோயாளியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவ்வண்டியில் சென்ற குடும்பங்கள் இந்த அவையில் பல இருக்கும். அந்த மருத்துவமனைக்கு வித்து விழுந்த இடம் திண்டிவனம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் மிஷன் மருத்துவராக இருந்தவர் ஜான் ஸ்கடர். அவர் மகள் ஐடா, அப்போது மருத்துவம் படிக்காத இளம்பெண். ஒரே இரவில் மூன்று ஆடவர் வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றவர் இன்னோர் உயர்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். ஆண் மருத்துவர் தம் மனைவியைப் பார்க்கலாகாது என்பது மூவரின் நிலைப்பாடு. ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். வழக்கம் என்பது தாழ்ந்தவரை மட்டும் கொல்வதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஐடா அமெரிக்கா சென்று 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1900இல் வேலூரில் ஒரு சிறு மருந்தகம் தொடங்கினார். 1918இல் அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தோன்றியது. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பறுவைச் சிகிச்சைத் துறையை அங்கே நிறுவினார். அந்த நரம்பியல் துறையை ஒட்டித்தான் பச்சாவத்தின் ஆய்வுக்கூடம் அமைந்தது.

பச்சாவத் 1925 ஆகஸ்டு 16ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தவர். அமெரிக்கா சென்று ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, மைனர் கூன் என்னும் உயிர்வேதியியல் அறிஞரோடு சேர்ந்து உழைத்தார். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி மிகச் சிறியது. நாம் உண்ணும் பருப்பிலும் மீனிலும் உள்ள புரதத்தில் லியூசின் என்றோர் அமினோ அமிலம் இருக்கிறது. உடல் அதைச் சிதைக்கும்போது அது என்னவாகிறது என்பதே கேள்வி. இதைக் கண்டு யாருக்கு என்ன பயன் என்று அன்று ஒருவர் கேட்டிருந்தால் அவர்களால் விடை சொல்லியிருக்க முடியாது. பச்சாவத், ராபின்சன், கூன் மூவரும் 1955இல் வெளியிட்ட கட்டுரையில் அப்பாதையின் கடைசிப் படியை விளக்கினர். ஹெச்.எம்.ஜி. கோ-ஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு பொருளை ஒரு நொதி இரண்டாகப் பிளக்கிறது. ஒரு துண்டு அசிட்டோஅசிட்டேட்டு, மற்றது அசிட்டைல் கோ-ஏ.

மாணவர்களே, இந்தப் பெயர்கள் உங்களை அச்சுறுத்த வேண்டா. இந்தப் பிளவு நம் உடலில் எப்போது மிகுதியாக நடக்கிறது என்று சொன்னால் அதன் முகம் உங்களுக்குத் தெரியும். மனிதன் பட்டினி கிடக்கும்போது அது மிகுதியாக நடக்கிறது. மூளைக்கு வேண்டிய எரிபொருள் சர்க்கரை. உணவில்லாமல் நாட்கள் சென்றால் கல்லீரலில் உள்ள சர்க்கரைச் சேமிப்பு ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். உடலில் கொழுப்பு இருக்கிறது. ஆனால் கொழுப்பை மூளை நேராக எரிக்க இயலாது. அப்போது கல்லீரல் கொழுப்பைச் சிதைத்து, ஹெச்.எம்.ஜி. கோ-ஏ வழியாக, அசிட்டோஅசிட்டேட்டு முதலான கீட்டோன் பொருள்களை ஆக்கி இரத்தத்தில் அனுப்புகிறது. நீண்ட பட்டினியில் மூளை இவற்றை எரித்து உயிர்வாழ்கிறது என்று 1967இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் காகிலின் குழுவினர் காட்டினர். பஞ்ச காலங்களில் நம் பாட்டன் பாட்டிமார் அடுப்பு எரியாத நாட்களிலும் மண்வெட்டி பிடிக்கப் போனார்கள், பிள்ளையை இடுப்பில் சுமந்தார்கள். அவர்களுக்கு நினைவு தடுமாறாமல் காத்தது அந்த நொதியின் உழைப்பு. இந்த நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் உண்டு என்பது 1976இல் தெரியவந்தது. அக்குழந்தைகள் ஒருவேளை உணவு தவறினாலும் மயங்கி விழக்கூடும். அத்தகைய குழந்தைக்கு நீண்ட நேரம் வயிறு காயவிடாமல் உணவு கொடுப்பதே முதற்சிகிச்சை.

அதே பொருளுக்கு இன்னொரு பாதையும் உண்டு. ஹெச்.எம்.ஜி. கோ-ஏ-விலிருந்துதான் நம் உடல் கொலஸ்டிராலையும் ஆக்குகிறது. அந்தப் பாதையின் வாயிலில் நிற்கும் நொதியைத் தடுத்தால் கொலஸ்டிரால் குறையும். இதைச் செய்யும் பொருளை 1970களில் ஜப்பானியர் அகிரா எண்டோ ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தார். அவ்வகை மருந்துகளில் முதலாவது 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இன்று மாரடைப்பு வந்தவர்கள் நாள்தோறும் விழுங்கும் அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரை அவ்வகையைச் சார்ந்ததே. லியூசின் எங்கே போகிறது என்ற சிறு கேள்வி எத்தனை வீடுகளுக்குள் வந்துவிட்டது பாருங்கள்.

கொலஸ்டிராலைப் பற்றிப் பேசும்போது கான்ராட் பிளாக் என்பவரைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அவர் யூதர். 1934இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பட்டம் பெற்றார். பிறப்பைக் காரணம் காட்டி, அதற்கு மேல் படிக்க அந்நாட்டில் அவருக்கு இடமில்லை என்றனர். சுவிட்சர்லாந்தின் டாவோசில் தற்காலிகமாக ஒரு வேலை கிடைத்தது. அங்கே அவர் ஆராய்ந்தது காசநோய்க் கிருமியின் லிப்பிடுகள். அக்கிருமியில் கொலஸ்டிரால் இருப்பதாக முன்னே சொல்லப்பட்டிருந்தது. அது இல்லை என்று பிளாக் கண்டார். தங்கும் அனுமதி முடிந்தது. திரும்பினால் ஜெர்மனிக்கே திரும்ப வேண்டும். அமெரிக்காவில் அதே கிருமியின் லிப்பிடுகளை ஆராய்ந்துவந்த யேல் பல்கலைக்கழகத்து ஆண்டர்சனுக்கு எழுதினார். இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்றில், உதவியாளராக நியமிக்கப்பட்டிருக்கிறீர் என்றிருந்தது. மற்றொன்றில், அதற்கு ஊதியம் கிடையாது என்றிருந்தது. பிளாக் முதற்கடிதத்தை மட்டும் தூதரக அதிகாரியிடம் காட்டி விசா பெற்று, 1936இல் கப்பலேறினார். உடல் கொலஸ்டிராலை எப்படிக் கட்டுகிறது என்பதைப் படிப்படியாகக் கண்டதற்காக 1964இல் அவருக்கும் ஜெர்மானியர் லினெனுக்கும் மருத்துவத்திற்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஊதியமில்லாத நியமனம் என்ற அந்தச் செய்தியைச் சற்று நினைவில் வையுங்கள். அதைப் பற்றிப் பிறகு எனக்கு வேலை இருக்கிறது.

பச்சாவத்திடம் திரும்புவோம். 1950களின் பிற்பகுதியில் அவர் தாயகம் திரும்பி வேலூரில் நரம்பு வேதியியல் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். கல்கத்தாவோ, பம்பாயோ, டெல்லியோ அன்று. மாவட்டத் தலைநகரமாகிய வேலூர். ஆய்வுக்கூடத்தின் சுவருக்கு அப்பால் நோயாளிகள் கிடந்தனர். அவருடைய கேள்விகள் அங்கிருந்து எழுந்தன.

அவற்றுள் ஒன்றை விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு குழந்தை பிறந்து நன்றாக வளர்கிறது. நிற்கிறது, நடக்கிறது, ஓரிரு சொல் பேசுகிறது. ஒன்றரை இரண்டு வயதளவில் நடை தடுமாறுகிறது. பின் விழுகிறது. பின் எழுந்து நிற்கவே இயலாது போகிறது. பேச்சு நிற்கிறது, விழுங்குவதும் கடினமாகிறது. காற்றுக் கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். சில ஆண்டுகளில் குழந்தை இறந்துவிடும். மெட்டாகுரோமாட்டிக் லியூக்கோடிஸ்ட்ரோஃபி என்பது இந்நோயின் பெயர். நரம்பிழைகளைச் சுற்றி லிப்பிடாலான உறையொன்று இருக்கிறது, மின்கம்பியைச் சுற்றிய உறையைப் போல. அவ்வுறையில் சல்ஃபடைடு என்னும் கந்தகம் சேர்ந்த லிப்பிடு உண்டு. உடல் அதைக் கட்டுகிறது, பழையதைச் சிதைக்கிறது. இந்நோயில் சிதைக்கும் வேலை நின்றுபோய், சல்ஃபடைடு குவிந்து, உறை அழிகிறது. ஏன் நின்றது?

வேலூர்க் குழுவினர் கந்தகம் மூளைப்பொருள்களில் எப்படிச் சேர்கிறது, எப்படி நீங்குகிறது என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து தேர்ச்சி பெற்றிருந்தனர். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் ஆஸ்டினோடு இணைந்து, இறந்த நோயாளிகளின் திசுக்களில் நொதிகளை ஒவ்வொன்றாக அளந்தனர். ஏனைய நொதிகள் இருந்தன. அரைல்சல்ஃபடேஸ்-ஏ என்ற ஒரு நொதி மட்டும் செயலற்றிருந்தது. அக்கட்டுரை 1963இல் நரம்பு வேதியியலுக்கான பன்னாட்டு இதழில் வெளிவந்தது. கட்டுரையின் தலைப்பில் ஆறு பெயர்கள் உள்ளன. ஆஸ்டின், பாலசுப்பிரமணியன், பட்டாபிராமன், சரஸ்வதி, பாசு, பச்சாவத். ஆறில் ஐந்து நம் நாட்டுப் பெயர்கள். உலக நரம்பியல் நூல்கள் இன்றும் மேற்கோள் காட்டும் அந்தக் கண்டுபிடிப்பில், விழுப்புரத்திலிருந்து ஒரே வண்டியில் சென்றடையக்கூடிய ஓர் ஊருக்குப் பங்கு இருக்கிறது. இதற்கு முந்திய ஆண்டு, 1962இல், பச்சாவத்துக்குச் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு வழங்கப்பட்டிருந்தது.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு சொல். தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணுவைப் பெற்ற குழந்தைக்கே இந்நோய் வரும். பெற்றோர் இருவரிடமும் ஒரு பழுதும் ஒரு நல்லதுமாக இருப்பதால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அத்தகைய பெற்றோருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அயலில் மணந்தால் ஒரே பழுது இருவரிடமும் இருப்பது அரிது. தாய்மாமனை மணந்தால், மரபணுக்களில் கால்பங்கு இருவருக்கும் பொதுவாக இருக்கும். அத்தை மகளையோ மாமன் மகளையோ மணந்தால் எட்டில் ஒரு பங்கு. சொந்தம் விட்டுப்போகக் கூடாது, சீர்வரிசை வெளியே போகக் கூடாது என்று நாம் செய்யும் மணங்களைக் குழந்தையின் கணக்கிலும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்நோய்க்கு இன்று சிகிச்சை உண்டு. நோயாளியின் எலும்பு மச்சையிலுள்ள மூல உயிரணுக்களை எடுத்து, நல்ல மரபணுவைப் புகுத்தி மீண்டும் செலுத்துகிறார்கள். நோயின் அறிகுறி தோன்றுமுன்போ தொடக்கத்திலோ செய்தால் குழந்தை நடக்கிறது. ஐரோப்பாவில் 2020இலும் அமெரிக்காவில் 2024இலும் இதற்கு அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் ஒரு குழந்தைக்கு அறிவிக்கப்பட்ட விலை 42.5 இலட்சம் டாலர். இரண்டாவது முறை சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். வேலூரில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கழுவி நொதியை அளந்தவர்கள் அந்த அறிவை உலகுக்கு விலையில்லாமல் கொடுத்தார்கள்.

1976இல் பச்சாவத் கல்கத்தாவில் இருந்த இந்தியப் பரிசோதனை மருத்துவ நிறுவனத்தின் இயக்குநராகச் சென்றார். இந்திய வேதி உயிரியல் நிறுவனம் என்று பின்னர்ப் பெயர் பெற்றது அதுவே. 1985க்குப் பின் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தென்வளாகத்தில் உயிர்வேதியியல் துறையில் பணியாற்றினார். அவர் வாழ்வின் இரண்டாம் பகுதி தொற்றுநோய்களோடு சேர்ந்தது.

லெசித்தின் போன்ற லிப்பிடுகளுக்கு நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் உண்டு. அவற்றை நீரில் இட்டுக் குலுக்கினால், வால்களை உள்ளே மறைத்துக்கொண்டு, தாமாகவே நுண்ணிய குமிழ்களாக மூடிக்கொள்கின்றன. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அலெக் பேங்ஹாம் இதைக் கண்டார். இக்குமிழ்களுக்கு லிப்போசோம் என்று பெயர். குமிழுக்குள் மருந்தை அடைக்கலாம் என்ற எண்ணம் பலருக்கும் எழுந்தது. பச்சாவத்தின் குழுவினர் குமிழின் மேல் வெவ்வேறு சர்க்கரைகளைப் பொருத்தினால் அது உடலின் வெவ்வேறு உறுப்புகளை நாடிச் செல்கிறது என்று காட்டினர். கடிதத்துக்கு முகவரி எழுதுவது போல.

ஆம்ஃபோடெரிசின்-பி என்பது பூஞ்சைகளைக் கொல்லும் வலிய மருந்து. பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டிரால் என்னும் லிப்பிடு உண்டு. மருந்து அதைப் பற்றிக்கொண்டு சவ்வில் ஓட்டையிடுகிறது. நம் சவ்வில் இருப்பது கொலஸ்டிரால். எர்கோஸ்டிராலுக்குத் தம்பி போன்றது. மருந்து சிலவேளை ஆள் மாறிப் பிடித்துக்கொள்ளும். அதனால் கடுங்குளிரும் காய்ச்சலும் வரும், சிறுநீரகம் கெடும். நோயைவிட மருந்துக்கு அஞ்சிய நோயாளிகள் பலர். அந்த மருந்தை லிப்போசோமுக்குள் வைத்தால் சிறுநீரகம் பெருமளவு தப்புகிறது. வெளிநாட்டில் இவ்வாறு செய்த மருந்தின் விலை நம் மருத்துவமனைகளுக்கு எட்டாததாக இருந்தது. பச்சாவத் டெல்லியில் நம் நாட்டு முறையொன்றை உருவாக்கினார். பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் நீலிமா க்ஷீர்சாகர் முதலியோர் அதை நோயாளிகளிடம் சோதித்தனர். ஃபங்கிசோம் என்ற பெயரில் அது பிற்காலத்தில் விற்பனைக்கு வந்தது. பச்சாவத் 1996 செப்டம்பரில் காலமானார். 1990இல் அவருக்குப் பத்ம பூஷண் விருது கிடைத்திருந்தது.

இம்மருந்து பூஞ்சைக்கு மட்டும் உரியதன்று. பீகாரில் காலா அசார் என்றொரு நோய் தலைமுறைகளாக மக்களைக் கொன்று வந்தது. மணல் ஈ கடிப்பதால் பரவும் இந்நோயில் மண்ணீரல் வீங்கி, காய்ச்சல் விடாமல் அடித்து, உடல் உருகிச் சாகும். மண்சுவர் வீட்டில், ஈரத்தரையில், மாட்டுக்கொட்டகை அருகில் படுப்பவரையே அந்த ஈ மிகுதியும் கடிக்கும். பீகாரில் நம்மைப்போல் ஒடுக்கப்பட்ட முசாகர் மக்களிடையே இந்நோய் மிகுந்து காணப்பட்டதில் வியப்பில்லை. நோயின் ஒட்டுண்ணி, கிருமிகளை விழுங்கும் உயிரணுக்களுக்குள்ளேயே குடியிருக்கிறது. லிப்போசோமையும் அந்த உயிரணுக்களே விழுங்குகின்றன. ஆகவே மருந்து நேரே பகைவனின் வீட்டுக்குள் போய்ச் சேர்கிறது. ஒட்டுண்ணியின் சவ்விலும் எர்கோஸ்டிரால் வகை லிப்பிடே உள்ளது. டாக்டர் ஷியாம் சுந்தரும் அவர் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் அமெரிக்க நிறுவனத்தின் லிப்போசோம் மருந்தை ஒரே ஒரு முறை ஏற்றியதில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமடைந்தனர். பழைய முறையில் நோயாளி ஏறத்தாழ ஒரு மாதம் மருத்துவமனையில் கிடக்க வேண்டும். நாட்கூலிக்குப் போகிறவர் ஒரு மாதம் படுத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

2021ஆம் ஆண்டு கொரோனாவின் இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை நோய் வந்ததை இளைஞர்களும் நினைவில் வைத்திருப்பீர்கள். நாடெங்கும் 40,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். கண்ணை இழந்தவர் பலர், உயிரிழந்தவரும் பலர். அப்போது மருந்துக் கடைகளிலும் மருத்துவமனைகளிலும் மக்கள் தேடியலைந்து கிடைக்காத மருந்து லிப்போசோம் வகை ஆம்ஃபோடெரிசின்தான்.

பச்சாவத்திடம் வேலூரில் ஆராய்ச்சி செய்து சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் அவதேஷ சுரோலியா. அவரும் நமிதா சுரோலியாவும் பெங்களூரில் மலேரியா ஒட்டுண்ணியை ஆராய்ந்தனர். அது கொழுப்பமிலத்தை மனிதனைப்போல் ஆக்காமல் பாக்டீரியாவைப்போல் ஆக்குகிறது, அதைத் தடுக்கலாம் என்று 2001இல் அறிவித்தனர். ஒட்டுண்ணி இரத்தத்தில் வாழும் கட்டத்தைவிடக் கல்லீரலில் வளரும் கட்டத்திலேயே அப்பாதை இன்றியமையாதது என்று 2008 முதல் வந்த ஆய்வுகள் திருத்தின. அறிவியல் இப்படித்தான் நகர்கிறது.

இப்போது ஓர் இளைஞர் என்னைக் கேட்கலாம்: 'ஐயா, இவ்வளவு பெயர் சொன்னீர்களே, இதில் நம்மவர் யார்?' நியாயமான கேள்வி. நம் பிள்ளைகளுக்கு அறிவு இல்லையென்று இந்த மேடையில் யாரும் சொல்லமாட்டார்கள். ஆசிரியர், எழுத்தர், செவிலியர், காவலர், பொறியாளர், மருத்துவர் என்று இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கத்தின் துணையால் எத்தனையோ பேர் வந்துவிட்டனர். ஆராய்ச்சியாளர் மட்டும் விரல்விட்டு எண்ணும்படி இருக்கிறார்கள். ஆராய்ச்சிக்கு வேண்டியது அறிவோடு ஆண்டுகள். முதுகலைக்குப் பின் ஐந்து ஆறு ஆண்டுகள். பட்டம் பெற்ற மகன் மறுமாதம் சம்பளம் கொண்டுவர வேண்டும் என்று காத்திருக்கும் வீட்டுக்கு அந்த ஆண்டுகளைக் கொடுக்கும் வசதி இல்லை. தங்கை திருமணம், ஒழுகும் கூரை, தந்தையின் கடன், இவை காத்திருக்கா.

என்னிடம் பயின்ற ஒரு மாணவர், கரும்பு வெட்டும் கூலியின் மகன், உயிர்வேதியியலில் முதுகலை முடித்தார். தேசியத் தேர்வில் தேறி ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்றார். ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். உதவித்தொகை வரும் என்று தாளில் இருந்தது. ஐந்து மாதம் கையில் வரவில்லை. விடுதிக் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, வீட்டுக்கு அனுப்ப ஒன்றுமில்லை. ஆறாம் மாதம் வங்கித் தேர்வு எழுதி எழுத்தராகப் போய்விட்டார். இன்று நல்ல நிலையில்தான் இருக்கிறார். நான் அவரைக் குறை கூறமாட்டேன். பிளாக்குக்கு வந்த இரண்டாம் கடிதம் நம் பிள்ளைகளுக்கும் வேறு உருவில் வருகிறது.

இன்று வழி முற்றும் அடைபட்டிருக்கவில்லை. தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெறுவோருக்கு 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கு அதில் ஐந்தாண்டு வயதுத் தளர்வு உண்டு. பட்டியல் சாதி மாணவர்களுக்கென்றே மைய அரசின் தேசிய ஆராய்ச்சி உதவித்தொகையும் இருக்கிறது. இளங்கலை படிக்கும்போதே கோடை விடுமுறையில் இரண்டு மாதம் தேர்ந்த ஆய்வுக்கூடங்களில் பணியாற்ற, நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து வாய்ப்பளிக்கின்றன. அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதே நம் கல்லூரி மாணவர் பலருக்குத் தெரிவதில்லை. கோடையில் வீட்டுக்கு வந்து களை எடுக்கப் போகும் பெண், அந்த இரண்டு மாதம் ஒரு லிப்போசோமைத் தன் கையால் செய்து பார்க்கலாம். விடுதியும் உதவித்தொகையும் கிடைக்கும்.

சங்கத்தின் முன் ஒரு கோரிக்கை வைக்கிறேன். நம் உதவித்தொகை இளங்கலைப் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. ஆராய்ச்சியில் சேர்ந்த மாணவருக்கு, அரசின் உதவித்தொகை கைக்கு வரும்வரை, ஆறு மாதம் வரையில் அதே தொகையைச் சங்கம் கைமாற்றாகக் கொடுக்கட்டும். வந்ததும் அவர் திருப்பிக் கட்டட்டும். ஒருவருக்கு ஆறு மாதத்துக்கு 2,22,000 ரூபாய். இருவருக்கு 4,44,000. வட்டி வேண்டா. பணம் திரும்பி வரும் பணம். ஒருமுறை சேர்த்தால் அடுத்த ஆண்டு வேறு இருவருக்குப் பயன்படும். வெள்ளிவிழா நன்கொடையில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கினால் போதும். பொருளாளர் அவர்கள் மேடையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். கணக்கை ஒரு தாளில் எழுதி அவர்களிடம் காலையிலேயே கொடுத்திருக்கிறேன். பொதுக்குழுவில் அதை வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கோடைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க விரும்பும் இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு மாணவ மாணவியர் உணவு இடைவேளையில் நூலக அறைக்கு வாருங்கள். மதிப்பெண் பட்டியல் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எப்படி விண்ணப்பிப்பது, எதை ஆராய விரும்புகிறோம் என்று எப்படி எழுதுவது என்பதை அங்கே உட்கார்ந்து செய்து பார்ப்போம்.